கண் ஆபரேஷனும் கிறிஸ்துமஸும்: ஆறு வாரக் கணக்கு

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண் முழுமையாக ஆறுவதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். டிசம்பர் 25இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்தக் கணக்கு நவம்பர் 13இல் போய் நிற்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் படவேடு, சந்தவாசல், கண்ணமங்கலம் என்று நீளும் ஊர்களில், கண் மங்கிய பெரியவர் இருக்கும் கிறிஸ்தவ வீடு ஒவ்வொன்றும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய தேதி அது. அதற்குள் ஆபரேஷன் முடிந்தால், பண்டிகையன்று சொட்டு மருந்துகூட முடியும் தறுவாயில் இருக்கும். டிசம்பர் முதல் வாரத்தில் செய்துகொண்டவர் மூன்று வாரக் கண்ணோடு ஆலயத்துக்குப் போகலாம். சில கட்டுப்பாடுகள் மட்டும் மீதமிருக்கும். டிசம்பர் 15ஐத் தாண்டிவிட்டால், விருந்தும் கூட்டமும் அடுப்புப் புகையும் கண் மிகவும் பலவீனமாக இருக்கும் நாட்களிலேயே வந்து சேரும்.

ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. “கிறிஸ்துமஸ் முடியட்டும், பார்த்துக்கலாம்” என்று வீட்டின் மூத்த பெண்மணியே தள்ளிப்போடுகிறார். பலகாரம் சுடுவது, வீடு மெழுகுவது, வருகிறவர்களுக்குச் சமைப்பது எல்லாம் அவர் தலையில்தான் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் முடிந்தால் புத்தாண்டு ஆராதனை, பிறகு அறுவடை, அதன்பின் “வெயில் காலத்தில் கண் ஆறாது” என்ற பயம் என்று ஓராண்டு ஓடிவிடும். வெயிலுக்கும் ஆறுதலுக்கும் இன்று தொடர்பில்லை. குளிர்சாதன வசதி இல்லாத காலத்து முகாம்கள் குளிர்மாதங்களில் நடந்ததன் மிச்சம்தான் அந்த நம்பிக்கை. “புரை நன்றாக முற்றட்டும்” என்று காத்திருப்பதும் அப்படியே. அளவு மீறி முற்றிய புரை கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, கடும் வலியோடு நிரந்தரப் பார்வையிழப்பில் கொண்டுபோய் விடக்கூடும். 2015 முதல் 2019 வரை இந்திய அரசு நடத்திய தேசிய ஆய்வில், 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையின்மைக்கு 66.2 சதவீதக் காரணம் கண்புரைதான் என்று தெரியவந்தது. நீக்கிவிடக்கூடிய ஒரு காரணம் இத்தனை கண்களை மூடி வைத்திருப்பது வேதனையான செய்தி.

ஒரே சாலையில் ஒரு நூற்றாண்டு

படவேடு என்றதும் ரேணுகாம்பாள் கோயிலும் ஆடி வெள்ளிக் கூட்டமும், சம்புவராயர்கள் ஆண்ட பழைய தலைநகரமும், வாழைத் தோட்டங்களும் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஆரணியிலும் வேலூரிலும் ஆற்காடு மிஷன், திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன், சேத்துப்பட்டில் கத்தோலிக்கக் குரு தர்ராஸ் அடிகளார் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பணிகள் தொடங்கிவிட்டன. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், ஆற்காடு லூத்தரன் திருச்சபையார் என மூன்று மரபுகளைச் சேர்ந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் தலைமுறைகளாக வாழ்கின்றன.

மருத்துவமும் ஆற்காடு மிஷன் வழியாகத்தான் இந்த வட்டாரத்துக்கு வந்தது. மருத்துவப் படிப்பை முடித்துக்கொண்டு 1900இல் இந்தியா திரும்பிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர், நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தம் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரைக் கொண்டு, 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். பின்னாளில் அது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக (சிஎம்சி) பெரிதாக வளர்ந்து நகரின் வேறு இடத்துக்குப் போனபோது, ஷெல் வளாகம் கண் மருத்துவத்துக்கு என்றே ஆனது. வேலூர் ஆரணி சாலையில் இன்றும் அது இயங்குகிறது. படவேட்டிலிருந்து சந்தவாசல், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பேருந்து ஏறுகிறவர், முதலில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் பிறகு பாகாயத்தையும் கடந்து ஷெல்லை அடைகிறார். ஒரு மலையடிவார ஊருக்கு இத்தனை கண் மருத்துவ வசதி ஒரே தடத்தில் கிடைப்பது அரிது.

1940களின் இறுதியில் சிஎம்சியில் சேர்ந்த கண் மருத்துவர் விக்டர் ராம்போ, மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிக் கிராமங்களுக்கே போய்க் கண் முகாம்கள் நடத்தினார். அன்றைய கண் ஆபரேஷன் இன்றையது போன்றதன்று. புரை விழுந்த வில்லையை எடுத்த பிறகு அந்த இடத்தில் வைக்க எதுவும் இல்லை. இரண்டு கண்ணும் கட்டப்பட்டு, தலை அசையாமல் நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி 1949 நவம்பர் 29இல் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். அது தமிழ்நாட்டு ஏழை வரை வந்து சேர மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அங்கே பிறந்த ஆரோலேப், வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்கு வில்லையைச் செய்யத் தொடங்கியது. இன்று முகாமில் இலவசமாகச் செய்துகொள்ளும் மூதாட்டிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்த நெடிய உழைப்பு இருக்கிறது.

வெட்டு எவ்வளவு, ஆறுவது எப்போது

இன்று வழக்கில் உள்ள முறைகள் இரண்டு. ஒலியலையால் புரையைக் கரைத்து உறிஞ்சும் பேக்கோ முறையில் வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. முகாம்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் மிகுதியாகச் செய்யப்படும் சிறு துளை முறையில் 6 முதல் 7 மில்லிமீட்டர். இரண்டிலும் பெரும்பாலும் தையல் இருக்காது. வெட்டின் உதடுகள் கண்ணின் உள் அழுத்தத்தாலேயே ஒன்றோடொன்று அழுந்தி மூடிக்கொள்ளும். முதல் சில வாரங்களில் கண்ணைக் கசக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கட்டுப்பாடுகள் பேக்கோவுக்குச் சற்றுக் குறைவு, சிறு துளை முறைக்குச் சற்றுக் கூடுதல். பார்வையில் இறுதி விளைவு இரண்டிலும் நன்றாகவே இருக்கிறது. ஆகவே இலவச முகாமில் செய்தது மட்டம் என்று யாரும் மனம் குன்ற வேண்டியதில்லை.

மறுநாள் கட்டுப் பிரிக்கும்போதே உலகம் தெளிவாகத் தெரியத் தொடங்கும். இங்கேதான் தவறு நடக்கிறது. பார்வை வந்துவிட்டதால் கண் ஆறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பார்வை ஒரு நாளில் வரும். ஆறுதல் வாரக்கணக்கில்தான் வரும்.

அந்த வாரங்களைக் காப்பது சொட்டு மருந்து. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டை முதல் வாரம் நாளைக்கு ஆறு முறை, இரண்டாம் வாரம் ஐந்து முறை என்று வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து ஆறாவது வாரத்தோடு நிறுத்துவது பரவலாக உள்ள முறை. நவம்பர் 13இல் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு, நாளைக்கு ஒரு சொட்டு என்ற கடைசி வாரம் சரியாகப் பண்டிகை வாரமாக அமையும். மறந்துபோக எல்லா வாய்ப்பும் உள்ள வாரம் அதுதான். மருத்துவர் சொல்லாமல் நடுவில் நிறுத்தினால் வீக்கம் திரும்பும். நன்றாக இருக்கிறதே என்று தாமாகவே நீட்டித்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும்.

சொட்டுப் போடுவது எளிய வேலைதான், ஆனால் முறை உண்டு. போடுகிறவர் சோப்பால் கை கழுவ வேண்டும். பால்போல் வெளுத்திருக்கும் ஸ்டீராய்டு மருந்தின் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, மேலே உள்ள நீர்தான் கண்ணில் விழும். பெரியவரைச் சாய்ந்து உட்காரவோ படுக்கவோ வைத்து, கூரையைப் பார்க்கச் சொல்லி, கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் சிறு பை போல் திறக்கும். பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படாமல் அதில் ஒரே ஒரு சொட்டு. பிறகு இரண்டு நிமிடம் கண்ணை இறுக்காமல் மூடியிருக்க வேண்டும். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். முதியவர் தாமே போட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழியும். பள்ளி செல்லும் பேரப்பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்து, நாள்காட்டியில் அன்றன்று குறிக்கச் சொன்ன வீடுகளில் மருந்து தவறுவதில்லை.

சுண்ணாம்பு, அடுப்பு, வாழைத்தார்

டிசம்பரில் இந்த வட்டாரத்து வீடுகளில் நடக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஆறாத கண்ணுக்கு ஆகாதவையே அதிகம். முதலில் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு கடும் காரம். நீற்றும்போது தெறிக்கும் ஒரு துளி நல்ல கண்ணையே கருக்கிவிடும். ஆபரேஷன் செய்துகொண்டவர் அந்த வேலை நடக்கும் நாட்களில் வேறு வீட்டில் இருப்பது நல்லது. ஒருவேளை யார் கண்ணில் பட்டாலும், ஆபரேஷன் ஆன கண்ணாகவே இருந்தாலும், கசக்காமல் உடனே சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் தொடர்ந்து ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

அடுத்தது அடுப்படி. முறுக்கும் அதிரசமும் கல்கல்லும் சுடும் எண்ணெய்ச் சட்டி, விறகுப் புகை, மிளகாய் வறுக்கும் நெடி மூன்றும் கண்ணை எரியவைத்து, கை தானாகக் கண்ணுக்குப் போகும்படி செய்பவை. பாட்டியின் கைப்பக்குவம் வேண்டும் என்றால், அவரை அடுப்பிலிருந்து தள்ளி நாற்காலியில் உட்காரவைத்துப் பதம் சொல்லச் சொல்லலாம். மாவு இடிப்பதும் சட்டி முன் நிற்பதும் இந்த ஓராண்டு மகன்களும் மருமகன்களும் செய்யட்டும். அதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

பாரமும் அப்படியே. நிறைந்த தண்ணீர்க் குடம் 15 கிலோவைத் தொடும். படவேட்டுத் தோட்டத்தில் ஒரு நல்ல வாழைத்தார் அதைவிட எடை. இவற்றைத் தூக்கும்போது மூச்சை அடக்கி முக்குகிறோம். அந்த அழுத்தம் கண்ணுக்கும் ஏறும். ஒரு மாதத்துக்குத் தூக்கவே வேண்டாம். வயலில் இறங்குவதும் வேண்டாம். நெல் தாளின் ஓரம் கண்ணில் கீறினால் மண்ணில் உள்ள பூஞ்சை உள்ளே புகும். அது ஆற்றுவதற்குக் கடினமான புண். மாட்டுக் கொட்டகையும் அந்தப் பட்டியலில்தான் வரும்.

தலைக்கு ஊற்றிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பண்டிகைக் காலையில் கட்டாயம் தலை அலச வேண்டும் என்றால், தலையைப் பின்புறம் சாய்த்து, நெற்றிப் பக்கம் நீர் வழியாமல் இன்னொருவர் அலசிவிடலாம். முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். இரவில் கண்மூடி கட்டித் தூங்குவதும், ஆபரேஷன் ஆன பக்கம் ஒருக்களிக்காமல் படுப்பதும் முதல் வாரங்களில் தேவை. வெளியூரிலிருந்து வரும் கைக்குழந்தையைக் கொஞ்சும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்திருப்பது நல்லது. பிஞ்சு விரல் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

சாப்பாட்டைப் பற்றிய பயம் மட்டும் முழுக்க வீண். கறி, மீன், முட்டை தின்றால் சீழ் வைக்கும் என்று பெரியவர்களை வாரக்கணக்கில் பத்தியத்தில் வைப்பதால் உடல் பலவீனப்படுவதுதான் மிச்சம். புண் ஆற புரதம் வேண்டும். பண்டிகை பிரியாணியைத் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரை நோயாளிகள் பலகாரத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்; ரத்தச் சர்க்கரை ஏறினால் தொற்றும் எளிதில் வரும், ஆறுவதும் தாமதமாகும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு என்று எதையும் கண்ணில் விடக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

ஆலயத்தில்

24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்கோ 25 அதிகாலை ஆராதனைக்கோ போவதில் தடை ஏதும் இல்லை. மார்கழிப் பனி கண்ணைக் கெடுக்காது. குளிர்காற்று சற்று நீர் வடியச் செய்யும், அவ்வளவே. இருட்டில் படி தடுக்காமல் யாராவது கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனவருக்கு இரண்டு கண்ணின் பார்வையும் வேறுபடுவதால் தரையின் ஏற்ற இறக்கம் சரியாகப் பிடிபடாது.

நட்சத்திர விளக்கைப் பார்க்கும்போது சுற்றிலும் ஒளிவட்டமோ கதிர்களோ தெரிவது முதல் வாரங்களில் சாதாரணம். மஞ்சள் படிந்த பழைய வில்லை போய்விட்டதால் நீலமும் வெள்ளையும் முன்பைவிடப் பளிச்சென்று இருக்கும். குடிலில் சிலைகளின் முகம், பாடகர் குழுவில் நிற்கும் பேத்தியின் முகம் எல்லாம் தெளிவாகத் தெரியும். பாட்டுப் புத்தகம் மட்டும் மங்கலாக இருந்தால் பதற வேண்டாம். பொருத்தப்படும் வில்லை பெரும்பாலும் தூரப் பார்வைக்கானது. படிக்கக் கண்ணாடி வேண்டும். அதற்கான அளவைக் கண் ஆறிய பிறகு, நாலாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் எடுப்பார்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்து மறுபரிசோதனையில் அளவு கிடைத்தால் பண்டிகைக்குள் கண்ணாடி கையில் இருக்கும். திருவண்ணாமலை மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள் கார்த்திகை தீபக் கூட்ட நாட்களைத் தவிர்த்து இந்தப் பரிசோதனைத் தேதியை வாங்கிக்கொள்வது உத்தமம்.

வெடி கொளுத்தும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டாம்.

மலை ஏறுவதில் ஒரு பெரும் ஆபத்து

புரைக்குச் சொன்ன கணக்கு விழித்திரை ஆபரேஷனுக்குப் பொருந்தாது. விழித்திரை விலகியவர்களுக்கு அதை மீண்டும் ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயுக்குமிழி விடுவதுண்டு. சல்பர் ஹெக்ஸாஃப்ளோரைடு ஏறக்குறைய இரண்டு வாரமும், பெர்ஃப்ளூரோபுரோப்பேன் ஆறிலிருந்து எட்டு வாரமும் கண்ணுக்குள் இருக்கும். நவம்பர் நடுவில் இரண்டாவது வாயுவை வைத்துக்கொண்டவருக்குக் கிறிஸ்துமஸ் அன்றும் குமிழி மீதமிருக்கலாம்.

உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், குமிழி விரியும். விரிய இடமில்லாத கண்ணுக்குள் அழுத்தம் எகிறி, பார்வை நரம்புக்கு ரத்தம் போவது நின்றுவிடலாம். விமானத்தில் போகக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். மலைப் பாதையும் அதே வகைதான் என்பது பலர் மனதில் படுவதில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் வாயு வைத்துக்கொண்ட ஒருவர் போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பேருந்தில் ஏறினால், அந்த மாற்றம் முழுவதும் சில மணி நேரத்தில் அவர் கண்ணுக்குள் நிகழும். மலைமேல் வீடுள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைப்பதா என்று அவர் முடிவெடுக்க அது உதவும்; எண்ணெய்க்கு இந்த உயரச் சிக்கல் கிடையாது. வாயு வைத்தாகிவிட்டது என்றால், குமிழி முழுக்கக் கரைந்தது என்று மருத்துவர் சொல்லும்வரை அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்குவதே வழி. இந்த ஓராண்டு குடும்பம் மலையிறங்கி வந்து படவேட்டிலோ போளூரிலோ பண்டிகை கொண்டாடட்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கண்புரை ஆபரேஷனில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது கண்ணுக்குள் வரும் கிருமித் தொற்று. அது இன்று அரிது. ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைச் செலுத்துவதால், 10,000 பேரில் ஏழு பேருக்கு வந்த தொற்று இரண்டு பேராகக் குறைந்ததை அரவிந்த் மருத்துவர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். வந்துவிட்டால் மட்டும் நேரம் தங்கம். கண்ணுக்குள் ஊசி வழியாக மருந்து செலுத்தச் சில மணி நேரத் தாமதம்கூடப் பார்வையைப் பறிக்கும்.

லேசான உறுத்தலும் நீர் வடிதலும் வழக்கமானவை. வலி கூடிக்கொண்டே போவது, தெளிந்த பார்வை திரும்ப மங்குவது, சிவப்பு அதிகமாவது, பீளை கட்டுவது, இமை வீங்குவது, மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிவது, ஓரத்திலிருந்து திரை விழுவதுபோல் இருள்வது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே கிளம்ப வேண்டும். வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள், நாளைக்குப் போகலாம் என்று பெரியவர்கள் வலியைச் சொல்லாமல் மறைப்பது வழக்கம் என்பதால், பண்டிகை நாட்களில் காலையும் மாலையும் அவர்களைக் கேட்டுவிடுங்கள். கண்ணையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அடுக்கம்பாறையிலும் திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு டிசம்பர் 25 இரவிலும் திறந்திருக்கும். ஆபரேஷன் சீட்டையும் சொட்டு மருந்து பாட்டில்களையும் கையில் எடுத்துக்கொண்டு, இலையில் சோறு போட்டிருந்தாலும் புறப்பட்டுவிடுங்கள்.